ஐம்பது காலி ஓடுகள்

நேற்று துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து வந்ததும் காபித்தூள் டப்பாவில் கொட்டி வைத்த ஐம்பது தோட்டா ஓடுகள் இன்று காலை கராஜில் எனக்காகக் கிடந்தன. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுடையவை. ஒன்றைக் கையில் எடுத்தாலே விரல் கறுத்துப் போகிறது. வாய்ப் பக்கம் கரி அப்பியிருக்கிறது. அடியில், பிரைமரின் நடுவில், ஊசி குத்திய சின்னப் பள்ளம். முகர்ந்து பார்த்தால் தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு லேசாக நினைவுக்கு வரும்.

தோட்டாவைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: முன்னால் பறக்கும் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் தீ மூட்டும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கிப் பிடிக்கும் பித்தளை ஓடு. சுட்டவுடன் முதல் மூன்றும் தீர்ந்துவிடும். ஓடு மட்டும் நம் காலடியில் விழும். நான்கில் செய்வதற்குக் கடினமானதும் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். அதைத் தூர எறியாமல் கழுவி, வடிவத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்புவதைத்தான் இங்கே ரீலோடிங் என்கிறார்கள். அதில் முதல் பாதியை, ஓட்டைக் கழுவித் தயார் செய்வதை மட்டும், இன்று எழுதப் போகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதற்கு அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன. அதை வலைப்பதிவில் படித்துச் செய்யவே கூடாது.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம். எச்-1பி விசாவில் இருந்த வருடங்களில் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. சட்டம் அந்த விசாக்காரர்களுக்குச் சில விதிவிலக்குகளைத் தவிர இடம் கொடுப்பதில்லை. 2015-ல் கிரீன் கார்டு வந்தது. அடுத்த வருடம், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். காகித இலக்கு மட்டும்தான், 100 கஜம், 200 கஜம். வேட்டைக்குப் போவதில்லை. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள இந்த நாட்டின் மத்திய அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் கேட்கிறது. நம் ஊரில் கதை வேறு. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டியின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, உதறி, தடவிப் பார்ப்பேன். ஒரே ஒரு காலி ஓடு மூலையில் கிடந்தாலும் மீனம்பாக்கத்தில் பதில் சொல்லி மாளாது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்கு எடுத்துப் போவதே இல்லை.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டைக்குப் போகிறவர், .30-06 ரைஃபிள் வைத்திருக்கிறார். முதல் நாள் அவருடைய பட்டறை மேசையில் கழுவிய ஓடுகளும் கழுவாத ஓடுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கழுவியவை குத்துவிளக்கு மாதிரி மின்னின. "இப்படிப் பளபளக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கழுவாத ஒன்றை என் கையில் கொடுத்து, "இதில் விரிசல் இருக்கிறதா, சொல்" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரிதான் தெரிந்தது. துணியால் துடைத்துக் கொடுத்தார். கழுத்தில் தலைமுடி போல ஒரு கீறல், வாயிலிருந்து தோள் வரை. "இதற்குத்தான் கழுவுகிறோம்" என்றார்.

ஓட்டின் உறுப்புகளுக்கு இங்கிலீஷில் உள்ள பெயர்கள் தமிழில் அப்படியே வந்து உட்காருகின்றன. குண்டைக் கவ்விப் பிடிக்கும் இடம் கழுத்து. அதற்குக் கீழே சரிவாக விரிவது தோள். அப்புறம் உடல், கடைசியில் அடி. வெடிக்கும்போது .308-ல் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்கத் தொழில் வரையறை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 35 பவுண்டு. அந்த அழுத்தத்தில் ஓடு விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், திரும்பச் சுருங்கவும் வேண்டும். அதற்காகத்தான் பித்தளை. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கே கார்ட்ரிட்ஜ் பித்தளை என்றுதான் பெயர்.

ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் அந்த உலோகம் கொஞ்சம் இறுகுகிறது, கொஞ்சம் நீள்கிறது, ஓரிடத்தில் கொஞ்சம் மெலிகிறது. இந்த மூன்றும் நம் கண்ணில் பட வேண்டுமானால் முதலில் கரி போக வேண்டும்.

2019 கடைசியில் அம்மா வந்திருந்தார். அந்த வருடம்தான் பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் வேட்டைக் காலம் சனிக்கிழமையில் தொடங்கியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, நன்றி நவிலல் நாளுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமைதான் தொடக்க நாள், பல பள்ளிக்கூடங்களுக்கு அன்று விடுமுறையே விடுவார்கள். பெரியவர் அந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார். எங்கள் வீட்டில் பெரிய கார்த்திகை வந்துகொண்டிருந்தது. அம்மா நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கழற்றி, தண்டு வேறு, தட்டு வேறாக வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஓடுகளைப் பற்றிச் சொன்னேன். "பித்தளைதானே? புளியில் போடேன்" என்றார்.

போட்டேன். தனியாக ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின், இருபது ஓடுகள், எலுமிச்சம்பழ அளவு புளி. பத்து நிமிடத்தில் கறுப்பு கரைந்து, உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. நம்பவே முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் உள்பக்கமும் சுத்தமாகுமே என்று அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் போன் ஒன்றை எடுக்கப் போனேன். திரும்பக் கராஜுக்கு வந்தது மறுநாள் காலை. ஓடுகள் மஞ்சளாக இல்லை. ரோஜா நிறத்தில், புதுச் செம்புக் காசு போல இருந்தன.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊறவா போட்டே? தேய்ச்ச கையோட அலசிடணும்டா. அலசி, ஈரம் இல்லாம துடைக்கணும். இல்லேன்னா பித்தளை செம்பாப் போயிடும்."

அது உண்மையிலேயே செம்பாகப் போவதுதான். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பில் துத்தநாகம் முதலில் கரைந்து போய்விடும், செம்பு தங்கிவிடும். அந்த ரோஜா நிறம் அப்படி வருவது. புளியில் டார்டாரிக் அமிலம், இங்கே ரீலோடிங் செய்கிறவர்கள் பயன்படுத்தும் எலுமிச்சை உப்பில் சிட்ரிக் அமிலம். இரண்டும் செய்வது ஒரே வேலை, இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை. லேசான ரோஜாப் படிவு தோலோடு நிற்கும் என்பார்கள். ஆனால் ஒரு இரவு முழுக்க ஊறிய ஓட்டில் அது எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இருபதையும் கழித்தேன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, "மறுபடி தேய்ச்சா வந்துடுமே" என்றார். வராது.

அமோனியா இன்னும் மோசம். இதற்கு இந்தியாவிலேயே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் அங்கே மழைக்காலத்தில் நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாத, புதுத் தோட்டாக்களின் ஓடுகளில் விரிசல். மழைப் பருவத்தோடு சேர்ந்து வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவாக எழுதப்பட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஓட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம், இரண்டும் சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கின்றன. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் அதைக் கண்டு சொன்னார்கள். அதனால் கடையில் விற்கும் அமோனியா கலந்த பித்தளை பாலிஷை விளக்குக்குப் போடலாம், ஓட்டுக்குப் போடக் கூடாது. விளக்குக்குள் யாரும் 62,000 பவுண்டு அழுத்தம் வைப்பதில்லை.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். ஈயம்.

ஆரம்பத்தில் நான் உலர் முறையில்தான் சுத்தம் செய்தேன். அதிரும் பெரிய கிண்ணம் ஒன்றில் பொடித்த மக்காச்சோளத் தக்கையைப் போட்டு, ஓடுகளை அதில் புதைத்து, மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும். அந்த இயந்திரத்துக்கு டம்ளர் என்று பெயர். சீக்கிரமாக, கறையைக் கரகரவென்று எடுக்க வேண்டும் என்றால் வால்நட் ஓட்டுப் பொடி போடுவார்கள். கொஞ்சம் கார் பாலிஷ் விட்டால் இன்னும் மினுக்கும். வேலை முடிந்ததும் பொடியைச் சல்லடையில் கொட்டிச் சலிப்பேன். சலிக்கும்போது சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி எழும். கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே, போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அந்த ஈயம் ஓட்டுக்குள் கரியோடு படிகிறது. அதிரும் கிண்ணம் அதைப் பெயர்த்துப் பொடியில் கலக்கிறது. சலிப்பவன் அதை மூச்சில் இழுக்கிறான், சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் போகிறான். 2018-ல் சின்ன மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். கராஜிலிருந்து சமையலறைக்கு வரும் கதவுக்குப் பக்கத்தில் உள்ள தரைதான் அவளுக்குப் பிடித்த இடம். பெரியவர் ஒருநாள் பேச்சுவாக்கில், "ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். அவர் வருடம் ஒருமுறை பார்ப்பாராம். அந்த வாரமே இரண்டு பேருக்கும் ரத்தம் கொடுத்தோம். ஒரு டெசிலிட்டருக்கு எனக்கு 9 மைக்ரோகிராம். அவளுக்கு ஒன்றுக்கும் கீழே.

அவளுடைய எண் வரும் வரை இருந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவை அவள் கையை வாயில் வைக்கும்போதும் எழுந்து ஓடினேன். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. 2021-ல் இங்கே குழந்தைகளுக்கான கவனிக்க வேண்டிய எல்லையை 5-லிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். அந்த அதிரும் கிண்ணத்தை 2018-லேயே மூட்டை கட்டினேன். அன்றிலிருந்து கராஜ் செருப்பு கராஜைத் தாண்டுவதில்லை. வேலைச் சட்டை தனியாகத் துவைக்கப்படுகிறது. நைட்ரைல் கையுறை இல்லாமல் கழுவாத ஓட்டைத் தொடுவதில்லை. ரேஞ்சில் சுடும்போது தின்பதோ குடிப்பதோ இல்லை. அடுத்த வருடப் பரிசோதனையில் என் எண் 4 ஆக இறங்கியது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் உலர் முறை வேண்டாம். சமையலறைப் பாத்திரம், சிங்க், ஓவன், எதுவும் இந்த வேலைக்குக் கூடாது.

சரி, ஈர முறை. கழுவுவதற்கு முன்பே பழைய பிரைமரை அதற்கென்று உள்ள டை என்ற அச்சில் தள்ளி வெளியேற்றிவிடுவேன். அப்போதுதான் பிரைமர் இருந்த குழிக்குள்ளும் தண்ணீர் போய் வரும். சுழலும் டிரம்மில் ஐந்து பவுண்டு ஸ்டெயின்லெஸ் ஊசிகள். ஊசி என்றாலும் கூர் கிடையாது, சீரகம் அளவுக் கம்பித் துண்டுகள். அதன்மேல் ஓடுகள், மூழ்கத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு கரண்டி, எலுமிச்சை உப்பு கால் டீஸ்பூன். கால் டீஸ்பூனுக்கு மேல் நான் போடுவதில்லை, புளிப் பாடம் படித்தவன். மூடி இறுக்கி ஒன்றரை மணி நேரம் சுற்றவிடுவேன். அதற்கு மேல் சுற்றினால் ஓடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கிக்கொண்டே போகும்.

மூடியைத் திறந்ததும் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் தெரியும், அந்தத் தூசி எல்லாம் எங்கே போயிருக்கும் என்று. கறுப்பு மை மாதிரி இருக்கும். அதைக் கறிவேப்பிலைத் தொட்டிப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ கொட்டக் கூடாது. நான் ஒரு மூடி போட்ட வாளியில் விட்டு வைத்து, அபாயக் கழிவு வாங்கிக்கொள்ளும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அலசுவது மூன்று தடவை, மூன்றாவது தடவை தண்ணீர் தெளிவாகவே இருக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது, ஏனென்றால் ஊசிகள் ஒளிந்துகொள்ளும். .308-ன் வாய் அகலம், பெரும்பாலும் உதிர்ந்துவிடும். .223 மாதிரிச் சின்னக் கழுத்தில் இரண்டு ஊசிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும், குலுக்கினாலும் விழாது. ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேராகப் பிடித்து வாய் வழியாகப் பார்ப்பேன். அடியில் இருக்கும் பொறித்துளை, அதாவது பிரைமரின் தீ உள்ளே பாயும் துளை, ஒரு நட்சத்திரம் மாதிரித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

காய வைப்பதற்கு எங்கள் ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலை நம்ப முடியாது. பழம் உலர்த்தும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கி, மேலே சிவப்பு மையில் 'சாப்பாட்டுக்கு அல்ல' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறேன். குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம். சிலர் ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றிவிடுகிறார்கள். ஓட்டின் அடிப்பகுதி இறுக்கமாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பித்தளை இளகிவிடும். கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவது வேறு வேலை, அதை நுட்பமாகச் செய்ய வேண்டும். ராணுவ ஓடுகளில் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்பும் கலந்த நிறம் தெரிவது தொழிற்சாலையில் அப்படிச் சூடாக்கியதன் அடையாளம். அது அழுக்கு இல்லை.

இனி, பார்ப்பது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ரேஞ்சில் சுட்டுவிட்டு போல்ட்டை இழுத்தேன். ஓட்டின் அடி மட்டும் வந்தது. அரை அங்குல உயரத்தில், விளிம்பு பிய்ந்திருந்தது. மீதி உடல் முழுக்க துப்பாக்கி அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. சத்தம் வழக்கம் போலத்தான் இருந்தது, கன்னத்தில் மெல்லிய சூடு மட்டும் பட்ட மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டிருந்தேன். பெரியவர்தான் உடைந்த ஓட்டை எடுக்கும் கருவியைக் கொண்டுவந்து வெளியே எடுத்துக் கொடுத்தார். திட்டவில்லை. "அந்த வரிசையில் மீதி எத்தனை இருக்கிறது? எல்லாவற்றையும் கொண்டு வா" என்றார்.

அன்று மாலை அவர் பட்டறையில் ஒன்றை வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் நெடுக்கில் இரண்டாக அறுத்தோம். அரத்தால் ஓரத்தை வழவழப்பாக்கி விளக்கடியில் வைத்தார். ஓட்டின் சுவர் வாயிலிருந்து கீழே வர வரத் தடித்துக்கொண்டே வந்து அடியில் கெட்டியாகச் சேர வேண்டும். சேர்வதற்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், சுற்றிலும் ஒரு பள்ளம். கோலம் போடும்போது விரல் நுனி ஈர மாவில் பட்டால் விழுமே, அப்படி ஒரு மெல்லிய தடம். அந்த இடத்தில் சுவர் பாதிதான் மிச்சம் இருந்தது. வெளியே அதே உயரத்தில் ஒரு பளிச்சென்ற கோடு ஓட்டைச் சுற்றி ஓடியது. கழுவிப் பளபளப்பாக்கியபோது அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

காரணம் நான்தான். ஓட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டையை அளவுக்கு மீறிக் கீழே இறக்கி வைத்திருந்தேன். தோள் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் பின்னால் தள்ளப்பட்டது. சுடும்போது ஓடு முன்னால் உள்ள காலி இடத்தை நிரப்ப நீண்டது. நீளும் உலோகம் அடிக்கு மேலே உள்ள அந்த ஒரே இடத்திலிருந்துதான் இழுபடும். நான்கு முறை அப்படி இழுபட்டு, ஐந்தாவது முறை அறுந்துவிட்டது. இப்போது அளந்து, தோளை 0.002 அங்குலத்துக்கு மேல் தள்ளுவதில்லை.

அதோடு ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்குத்தாக வளைத்து, கூராக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டிலும் அதை உள்ளே விட்டு, நுனியைச் சுவரில் உரசியபடி அடியிலிருந்து மேலே இழுப்பேன். நல்ல ஓட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த ஓட்டில் அந்த இடம் வந்ததும் 'டக்' என்று ஒரு சின்னத் தடுக்கல் விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது ஓட்டுக்குப் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மீதி எல்லாம்.

அப்புறம் வரும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டையில் விடுமுன் எண்ணெய்ப் பதம் வேண்டும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்து, ஆல்கஹால் பறந்து போகும் வரை விட்டு, பிறகுதான் அழுத்துவேன். தெளிக்காமல் ஒன்றை அழுத்தினால் அது டைக்குள் சிக்கி, துளை போட்டு இழுத்தால்தான் வரும். பிறகு நீளம். .308-ன் உச்ச நீளம் 2.015 அங்குலம். தாண்டியவற்றை 2.005-க்கு வெட்டி, வாயின் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் லேசாகச் சுரண்டி விடுவேன். நீளம் மீறிய ஓடு அறையின் முனையில் குண்டைக் கவ்விப் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும், அதனால் இதில் 'பரவாயில்லை' கிடையாது.

ரேஞ்சில் மற்றவர்கள் விட்டுப்போன ஓடுகளைப் பொறுக்கலாமா என்று கேட்பார்கள். ரேஞ்ச் அனுமதித்தால் பொறுக்கலாம், ஆனால் அடியில் உள்ள முத்திரையைப் படிக்கத் தெரிய வேண்டும். எல், சி என்ற எழுத்துகளும் இரண்டு இலக்க வருடமும் இருந்தால் அது மிசூரியில் உள்ள லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலையுடையது. ராணுவ ஓட்டில் பிரைமர் கழன்றுவிடாமல் குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலை நீக்காமல் புதுப் பிரைமரைத் தள்ளக் கூடாது. ஓடு தடித்திருப்பதால் உள்ளே இடமும் பெரும்பாலும் குறைவு, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தால் இரும்பு ஓடுகள் தனியாகப் போய்விடும். வாய் வழியாகப் பார்க்கும்போது அடியில் ஒரு நட்சத்திரத்துக்குப் பதில் இரண்டு தெரிந்தால் அது பெர்டன் வகை, பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் முட்டி உடையும். பெர்டன் அமெரிக்கர், ஆனால் அமெரிக்காவில் புழங்குவது ஆங்கிலேயரான பாக்ஸரின் ஒரே துளை உள்ள வகை. ஐரோப்பிய ராணுவங்கள் பலவும் பெர்டனை எடுத்துக்கொண்டன.

அப்படி இரண்டு நட்சத்திரம் உள்ள ஓடு ஒன்று என் மேசையில் இருக்கிறது. பழைய .303. ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் கலவையாகக் கிடந்த டப்பாவில் கண்ணில் பட்டது. அடியில் கே, எஃப். புனேக்குப் பக்கத்தில் கிர்க்கீ தொழிற்சாலையின் முத்திரை. அந்த டப்பாவையே ஐந்து டாலருக்கு வாங்கினேன், இந்த ஒன்றுக்காக. இதை மட்டும் நான் கழுவவில்லை. கழுத்தில் ஒரு விரிசல் இருக்கிறது, வாயைத் தொடாமல், நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிறது. எந்த மழைக்காலத்தில், எந்தக் கூரைக்குக் கீழே கிடந்ததோ. எப்போதாவது பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்ப்பேன்.

இன்றைய ஐம்பதில் நாற்பத்து மூன்று தேறின. மூன்றுக்குக் கழுத்து விரிசல். மூன்றில் பேப்பர் கிளிப் தடுக்கியது, அதில் ஒன்று எனக்கே சந்தேகம்தான், ஆனாலும் கழித்தேன். ஒன்றில் பிரைமர் குழி தளர்ந்திருந்தது, புதுப் பிரைமர் கை அழுத்தத்திலேயே உள்ளே போய்விடும் போல இருந்தது. தேறியவற்றை டப்பாவில் போட்டு, இது எத்தனையாவது முறை என்று மூடியில் எழுதி வைத்தேன். கழித்த ஏழின் வாயையும் குறடால் நசுக்கித் தட்டையாக்கினேன், எந்தக் காரணத்தாலும் திரும்ப வரிசைக்குள் வந்துவிடக் கூடாது என்று. பழைய பித்தளைக்கு என்று ஒரு வாளி இருக்கிறது. அது நிறைந்ததும் எடைக்குப் போடுவேன். இன்னும் கால்வாசி இடம் இருக்கிறது.